ஷேக்கிளை நீட்டினால் சக்கரம் இறங்குமா?

போன இதழில் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வண்டிகளை மேடுபள்ளத்தில் ஓட்டுவது பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பட்டையின் ஒரு முனையைச் சேசிஸில் தொங்கவிடும் ஷேக்கிளைப் பற்றித்தான், அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: என்னுடையது பழைய ஜீப், நாலு பக்கமும் கமான் பட்டை. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று வரும்போது பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சுற்றுகிறது. 2 அங்குலம் நீளமான ஷேக்கிள் மாட்டினால் சக்கரம் தரையைத் தொட்டுவிடும் என்கிறார் நண்பர். மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் நண்பர் சொல்கிற காரணத்துக்காக அல்ல.

கமான் பட்டை ஒரு வில். பாரம் ஏறினால் வில் நிமிரும், நிமிர்ந்தால் இரு முனையிலும் போல்ட் போடச் சுருட்டியிருக்கும் வளையங்களுக்கு, அதாவது ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும், இடையே தூரம் கூடும். இரண்டு முனையையும் சேசிஸில் பூட்டிவிட்டால் அது நிமிர இடமே இருக்காது என்பதால்தான் ஒரு முனையை அசையாத பிராக்கெட்டிலும், மறுமுனையை ஊஞ்சல் மாதிரி ஆடுகிற இரண்டு தகடுகளிலும் மாட்டுகிறார்கள். அந்த ஊஞ்சல்தான் ஷேக்கிள். அது ஸ்பிரிங் இல்லை, சக்கரத்தைக் கீழே தள்ளுகிற சக்தி அதற்குக் கிடையாது. கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி.

கீலைப் பெரிதாக்கினால் உறுதியாகக் கிடைப்பது உயரம் மட்டும். அதிலும் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் ஆக்சில் பட்டையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முனை 2 அங்குலம் இறங்கினால் நடுப்பகுதி 1 அங்குலம்தான் இறங்கும். ஷேக்கிள் நேராகத் தொங்காமல் சாய்ந்திருந்தால் அதுவும் குறையும்.

சக்கரம் இறங்காமல் எது பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நான் இதைப் பணம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால் பளபளவென்று ஒரு ஜோடி நீள ஷேக்கிள் வாங்கி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாட்டிவிட்டு, அதே பள்ளத்தில் வண்டியை இறக்கினால் சக்கரம் பழையபடி அதே உயரத்தில் தொங்குகிறது. குனிந்து பார்த்தேன். ஷாக் அப்சார்பரின் தண்டு முழுசாக வெளியே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருக்கிறது. ஷேக்கிளோ பாதி தூரம்கூட ஆடவில்லை.

எனவே இப்படிச் செய்து பாருங்கள். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்கம் ஒரு மூலையில் சேசிஸுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கச் சக்கரம் தரையை விடுகிற வரை தூக்குங்கள். தூக்கியதும் சேசிஸுக்கு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலையை நீட்டாதீர்கள். இப்போது ஷாக்கின் நீளத்தைப் பாருங்கள், ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் அதன் லிங்க் இழுபடுகிறதா பாருங்கள், பிரேக் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஆக்சிலுக்குக் கீழே இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். சக்கரம் முன்பைவிட நாலு விரல்கடை இறங்கினால் திருடன் ஷாக்தான், நீளமான ஷாக் வாங்குங்கள். அதற்கு முன்னால் ஹோஸுக்கு வழி செய்யுங்கள். ஷாக்கைக் கழற்றிய பிறகும் இறங்கவில்லையென்றால் பட்டை தன் இயல்பான வளைவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் ஷேக்கிள் தகடு பட்டையின் மீதோ சேசிஸின் மீதோ முட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஷேக்கிளைக் குற்றம் சொல்லுங்கள். முட்டாமல் சும்மா தொங்குகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது மெல்லிய இலைகள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுத் தகடுகள்) அதிகமுள்ள, நீளமான பட்டை. அது பெரிய செலவு, அதை வேறொரு நாள் பேசலாம்.

கேள்வி: ஷாக், ஹோஸ் எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஷேக்கிள்தான் சேசிஸில் முட்டுகிறது என்று உறுதியாகத் தெரிகிறது. எந்த நீளம் வாங்குவது? ஒருவர் 1 அங்குலம் கூட்டு என்கிறார், இன்னொருவர் 3 என்கிறார். 45 டிகிரியில் சாய்ந்து நிற்க வேண்டும் என்றும் படித்தேன்.

யார் சொன்னதையும் கேட்காமல் டேப்பை எடுங்கள். வண்டியில் வழக்கமாக ஏற்றும் சாமான், ஸ்டெப்னி, டூல் பெட்டி எல்லாம் ஏற்றி சமதரையில் நிறுத்துங்கள். ஒரு கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையத்துக்கு நேர்கோட்டில் ஓர் அளவு. அப்புறம் டேப்பை மெயின் பட்டையின் (கண்கள் இருக்கும் இலை) மீது படிய வைத்து, வளைவோடு சேர்த்து இன்னோர் அளவு. இந்த இரண்டாவதுதான் பட்டை முழுசாக நிமிரும்போது இருக்கும் நீளம்.

கணக்குக்கு ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். நேர்கோட்டில் 1080 மி.மீ., வளைவோடு 1110 மி.மீ. என்றால், சக்கரம் மேலே ஏறிப் பட்டை நிமிரும்போது ஷேக்கிளின் கீழ்க் கண் 30 மி.மீ. வெளியே போக வேண்டும். அதே பட்டை பாரமே இல்லாமல் தொங்கும்போது இன்னும் வளையும், அப்போது நேர்கோட்டில் 1005 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அதாவது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கீழ்க் கண் 75 மி.மீ. உள்ளே வர வேண்டும். பலரும் கவனிக்காத இடம் இதுதான். எல்லோரும் மேலே ஏறுவதை நினைத்தே ஷேக்கிளைப் பார்க்கிறார்கள், ஆனால் அதிக தூரம் ஆடுவது கீழே இறங்கும்போதுதான்.

இப்போது ஷேக்கிள் 100 மி.மீ. நீளம் என்போம். நிற்கும்போது அது நேர் செங்குத்தாகத் தொங்கினால், பள்ளத்தில் 75 மி.மீ. உள்ளே வந்து ஏறக்குறைய 50 டிகிரி சாய்ந்துவிடும். அது மோசமான நிலை. அதற்கு மேலும் சக்கரம் இழுத்தால் ஷேக்கிள் உள்பக்கமாக மடங்கிப் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மறுபடி பாரம் ஏறும்போது அது தானாகத் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு முறை பக்கத்து வண்டியில் அது மடங்கியதை நேரில் பார்த்தேன். பள்ளத்திலிருந்து ஏறும்போது சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம், இறங்கிப் பார்த்தால் பின்மூலை ஒரு சாண் தாழ்ந்திருக்கிறது, ஷேக்கிள் மேல்நோக்கி மடங்கி சேசிஸுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறது. மெயின் பட்டையின் கண் விரிந்து போனதால் அன்றைக்கு அவ்வளவுதான் பயணம்.

சரி, படித்த 45 டிகிரியைப் பார்ப்போம். அதே 100 மி.மீ. ஷேக்கிள் நிற்கும்போதே 45 டிகிரி வெளியே சாய்ந்திருந்தால் கீழ்க் கண் ஏற்கெனவே 71 மி.மீ. வெளியே இருக்கிறது. இன்னும் 30 மி.மீ. போனால் 101. ஷேக்கிளின் நீளமே 100! படுத்துவிட்டது, சேசிஸில் முட்டிவிட்டது. ஷேக்கிள் முட்டிய பிறகு இரண்டு முனையும் பூட்டிய மாதிரிதான், பட்டை தப்பான பக்கம் வளைய ஆரம்பிக்கும். இதே பட்டைக்கு 25 டிகிரி அளவு வெளியே சாய்ந்து நின்றால் மேட்டில் 45 டிகிரிக்கும் பள்ளத்தில் உள்பக்கமாக 20 டிகிரிக்கும் போய் வரும், நிம்மதி. இல்லை, சேசிஸ் பிராக்கெட் இருக்கும் இடத்தால் 45ஐ மாற்றவே முடியாது என்றால்தான் நீளத்துக்கு அர்த்தம் வருகிறது. 150 மி.மீ. ஷேக்கிளில் அதே கோணம் 106, அதோடு 30 சேர்ந்தால் 136, முட்டாது. நீளமான ஷேக்கிள் செய்கிற உண்மையான உதவி இவ்வளவுதான்: அதே தூரத்தை இன்னும் குறைந்த கோணத்தில் ஆடிக் கொடுக்கிறது.

கண் மேலும் கீழும் நகர்வதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சில மி.மீ. முன்பின் வரும். அதனால் மாட்டிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். தகடு முட்டக்கூடும் என்று தோன்றும் இடங்களில், சேசிஸிலும் பட்டையின் மேலும் கொஞ்சம் கிரீஸைத் தடவிவிட்டு வழக்கமான பாதையில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். எங்கே கிரீஸ் வழிக்கப்பட்டிருக்கிறதோ அங்கே முட்டுகிறது. பட்டையின் கண் சேசிஸில் இடிக்கிறது என்றால் பூமராங் மாதிரி வளைந்த ஷேக்கிள் உதவும், வளைவுக்கு அதைத் தவிர வேறு மந்திரம் இல்லை.

கேள்வி: முன்பக்கம் 50 மி.மீ. நீளமான ஷேக்கிள் போட்டேன். வண்டி நிமிர்ந்து கம்பீரமாக நிற்கிறது. ஆனால் ரோட்டில் அலைபாய்கிறது, திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதில்லை. ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸைத் தொடாதீர்கள், பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. ஜீப் சிஜே, 1987 முதல் 1995 வரை வந்த ரேங்லர் ஒய்ஜே, லேண்ட் குரூசர் 40, சுசூகி சாமுராய் இவற்றில் எல்லாம் முன்பட்டையின் ஷேக்கிள் முன்முனையில், பம்பருக்குப் பின்னால் இருக்கும். உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும். முன்முனை இறங்கினால் பட்டை மொத்தமும் முன்பக்கம் சாய்கிறது, அதோடு ஆக்சிலும் முன்னால் உருளுகிறது. கண்ணுக்குக் கண் 1000 மி.மீ. உள்ள பட்டையில் ஒரு முனை 50 மி.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 3 டிகிரி. அந்த 3 டிகிரியும் நேராகக் காஸ்டரிலிருந்து கழிகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் ஓரளவு நேராகப் போகிறது, அந்தச் சாய்வுதான் காஸ்டர். உங்கள் வண்டியில் அதில் பெரும்பகுதி போய்விட்டது.

பட்டைக்கும் அது பதியும் ஆக்சில் மேடைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துத் திருத்தலாம். அலுமினிய ஆப்பு வேண்டாம், கரடுமுரடான ஓட்டத்தில் நசுங்கி உடையும், அப்புறம் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளரும். இலைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும் ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமாக வேண்டும். தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்பது பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும், ஆக்சிலின் மேல்பகுதி பின்னால் சாய வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்து மாட்டுங்கள். ஆனால் ஒன்று: அப்படிச் சாய்க்கும்போது முன் டிஃபரன்ஷியலின் (ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) மூக்கு கீழே இறங்கும், உயர்ந்த வண்டியில் அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் ஷாஃப்ட்டின் கோணம் இன்னும் கெடும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உதைக்கும். நானாக இருந்தால் முன்பக்கம் பழைய நீளத்துக்கே திரும்பிவிடுவேன். பாறையில் ஏறும்போது முதலில் அடி வாங்குவதும் அந்த முன் ஷேக்கிள்தான், அதை இன்னும் கீழே தொங்கவிடுவானேன்.

கேள்வி: பின்பக்கம் மட்டும் நீட்டினேன். 60 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டியின் தரையில் ஒரு அதிர்வு. டயர் பேலன்ஸ் பார்த்தாகிவிட்டது.

மேலே சொன்ன அதே கதை, பின்னால். பின்பட்டையின் பின்முனை இறங்கியதால் டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே தூக்கிவிட்டது. இரண்டு பக்கமும் சாதாரண கிராஸ் (கோணத்தில் திரும்பிச் சுற்ற விடும் மூட்டு) உள்ள ஷாஃப்ட் என்றால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் தண்டும், டிஃபரன்ஷியலின் மூக்கில் இருக்கும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஆங்கிள் மீட்டரை இரண்டு இடத்திலும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். இங்கேயும் ஆப்புதான் மருந்து. அலட்சியப்படுத்தினால் கிராஸ்தான் முதலில் போகும்.

கேள்வி: நடுவில் கீல் வைத்து, சக்கரம் இறங்கும்போது தானாக விரிகிற ஷேக்கிள் பார்த்தேன். மாட்டியவர்களின் வண்டி சரிவுப் பலகையில் மிக உயரமாக ஏறுகிறது. பட்டையை மாற்றுவதைவிட இது மலிவாயிற்றே?

அந்தப் பலகைக் கணக்கு என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கமாக 20 டிகிரி சரிவுள்ள பலகையில் ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் ஏற்றுவார்கள். இன்னொரு சக்கரம் தரையை விடும் வரை எவ்வளவு தூரம் ஏறியது என்று அளந்து, அதை வீல்பேஸால் (முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரையான தூரம்) வகுத்து 1000ஆல் பெருக்கினால் மதிப்பெண். 2400 மி.மீ. வீல்பேஸ் உள்ள வண்டி 1320 மி.மீ. ஏறினால் 550.

விரிகிற ஷேக்கிள் அந்த மதிப்பெண்ணைக் கூட்டும், சந்தேகமில்லை. ஆனால் பலகை ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது: சக்கரம் தொடுகிறதா? எத்தனை கிலோ பாரத்தோடு தொடுகிறது என்று கேட்பதில்லை. பட்டை தன் இயல்பான வளைவுக்கு வந்த பிறகு அது கீழே தள்ளுவதை நிறுத்திவிடுகிறது, அதற்கு அப்பால் ஷேக்கிள் விரிந்து இறங்குகிற தூரத்தில் அந்தச் சக்கரத்தின் மீது இருப்பது ஆக்சிலின் சொந்த எடை மட்டும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தருகிறது, பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். லேசாக உரசிக்கொண்டிருக்கிற சக்கரம் புழுதியைக் கிளப்பும், வண்டியை நகர்த்தாது.

இன்னொரு தொல்லை செங்குத்தான ஏற்றத்தில். பாரம் எல்லாம் பின்னால் போய்விட, முன்பக்கம் லேசாகிறது. முன்பக்கமும் விரிகிற ஷேக்கிள் இருந்தால் அது அங்கேயே விரியும், வண்டியின் மூக்கு இன்னும் மேலே தூக்கும். பக்கவாட்டுச் சரிவிலும் அப்படித்தான், மேட்டுப்பக்கம் விரிந்து வண்டியைப் பள்ளத்துப்பக்கம் தள்ளப் பார்க்கும். அந்த நேரத்தில் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு மலிவு விலை ஞாபகம் வராது. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பின் டிஃபரன்ஷியலுக்கு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போடுங்கள் என்பேன். சக்கரம் தொங்கினால் தொங்கட்டும், மற்றது இழுக்கும்.

கேள்வி: கிரீஸ் அடிக்கிற மாதிரி நிப்பிள் வைத்த ஷேக்கிள் போல்ட் வாங்கிப் போட்டேன். ஆறு மாதத்தில் ஒன்று துண்டாகிவிட்டது. போலிச் சரக்கா?

உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடைந்த முகத்தின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு துளை தெரியும், கிரீஸ் போவதற்குக் குடைந்த வழி அது. நல்ல இரும்பாகவே இருந்தாலும் நடுவில் குடைந்து, பக்கவாட்டிலும் ஒரு துளை போட்டால் அந்தப் பக்கத் துளை இருக்கிற இடம்தான் பலவீனம். மேடுபள்ளத்தில் பட்டை முறுக்கும்போது விரிசல் அங்கிருந்து கிளம்பும். நான் துளையில்லாத போல்ட்தான் போடுகிறேன், தலையில் 10.9 என்று குத்தியிருக்க வேண்டும். மரை இல்லாத வழுவழுப்பான பகுதி இரண்டு தகட்டையும் தாண்டுகிற நீளமாகவும் இருக்க வேண்டும், தகட்டின் துளைக்குள் மரை உட்கார்ந்தால் அது அரம் மாதிரி துளையை அரித்துப் பெரிதாக்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் பூசுவது சோம்பலாகத்தான் இருக்கும், ஆனால் பாதி வழியில் போல்ட் தேடுவதைவிட இது பரவாயில்லை.

கேள்வி: பழைய ஷேக்கிளையே வெட்டி நடுவில் துண்டு வைத்து வெல்டிங் செய்து தருவதாகச் சொல்கிறார்கள்.

வேண்டாம். புதுத் தகட்டில் முழு நீளத்துக்கு வெட்டித் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள், இரண்டு தகட்டையும் நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைக்கவும் சொல்லுங்கள். நீளம் கூடக்கூட பக்கவாட்டு ஆட்டமும் கூடும், குறுக்கு இணைப்பு இல்லாவிட்டால் வளைவில் வண்டியின் பின்புறம் தனியாக ஆடும். உங்கள் இடத்தில் சஸ்பென்ஷனை மாற்றுவதற்கு விதி ஏதும் இருக்கிறதா என்று அதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் புஷ் போட்டதிலிருந்து கிறீச் கிறீச் என்று கட்டில் மாதிரி சத்தம். முன்பைவிட விறைப்பாகவும் இருக்கிறது. தப்பாக மாட்டிவிட்டேனா?

மாட்டியதில் தப்பு இருக்கலாம், தேர்விலும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு சக்கரம் மேலேயும் மறுசக்கரம் கீழேயும் போகும்போது பட்டை மேலும் கீழும் மட்டும் வளைவதில்லை, துணி பிழிகிற மாதிரி லேசாக முறுக்கவும் செய்கிறது. அந்த முறுக்கை விட்டுக்கொடுப்பது கண்ணுக்குள் இருக்கும் புஷ்தான். ரப்பர் நன்றாக விட்டுக்கொடுக்கும், பாலியூரித்தேன் அவ்வளவாகக் கொடுக்காது. ரோட்டில் வேகமாகப் போகிறவருக்கு அது நல்லது, சக்கரம் தாராளமாக ஆட வேண்டும் என்கிற உங்களுக்கு ரப்பர்தான் நண்பன்.

போட்டது போட்டதாக இருக்கட்டும் என்றால் போல்ட்டைக் கழற்றி, புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாய் புஷ்ஷைவிட ஒரு மயிரளவாவது நீளமாக இருக்கிறதா பாருங்கள். நீளமாக இருந்தால் தகடு குழாயைத்தான் இறுக்கும், புஷ் சுற்றச் சுதந்திரமாக இருக்கும். குட்டையாக இருந்தால் தகடு புஷ்ஷையே கவ்விக்கொண்டிருக்கும், விறைப்புக்கும் சத்தத்துக்கும் அதுதான் காரணம். குழாயின் மேலும் புஷ்ஷின் முகத்திலும் சிலிக்கான் கிரீஸ் பூசி மாட்டுங்கள். திரும்ப ரப்பருக்கே போனால் கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் பட்டையில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் நிற்கும் நிலையிலேயே முறுக்கிக்கொண்டு கிடக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும்.

இவ்வளவும் செய்து சத்தம் நிற்கவில்லை என்றால் புஷ்ஷை விட்டுவிட்டுப் பட்டையின் இலைகளுக்கு நடுவில் பாருங்கள். இலை முனைகளில் துரு பளபளவென்று தேய்ந்திருந்தால் கிறீச் அங்கிருந்து வருகிறது.